பத்து நொடி இ.சி.ஜி.யிலிருந்து இதயத் துடிப்பு மாறுபாட்டைக் கணக்கிட்டால் அதை நம்பலாமா?

உடலியல் மாணவி (கேள்வி)

வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியல் மேற்படிப்புப் படித்து வருகிறேன். நீரிழிவு நோயாளிகளுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை, இதயத் துடிப்பு மாறுபாட்டை, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் கூடிக் குறைவதைக் காட்டும் எச்.ஆர்.வி.யை, வைத்து மதிப்பிடுவது என் ஆய்வேட்டின் நோக்கம். புதிதாக ஒவ்வொருவரையும் படுக்கவைத்துப் பதிவு எடுப்பதற்கு நேரமும் இடமும் போதவில்லை. ஆனால் புறநோயாளிகள் பிரிவில் ஏற்கெனவே எடுத்துச் சேமித்த பன்னிரண்டு லீட் இ.சி.ஜி. பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நொடிதான். அவற்றிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பது என் வழிகாட்டியின் யோசனை.

எனக்கோ தயக்கமாக இருக்கிறது. ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் பணிக்குழு 1996-இல் வெளியிட்ட நெறிமுறை, குறுகிய காலப் பதிவு என்றாலே ஐந்து நிமிடம் என்றுதான் வரையறுக்கிறது. சோதித்துப் பார்க்க என்னையே படுக்கவைத்து ஐந்து நிமிடப் பதிவு எடுத்து, அதைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டிக் கணக்கிட்டேன். ஒரு துண்டில் வந்த மதிப்பு, அதற்குச் சில துண்டுகள் தள்ளி வந்த மதிப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இத்தனைக்கும் நான் அசையவில்லை, பேசவில்லை. இப்படிப்பட்ட எண்ணை ஆய்வேட்டில் எழுதுவது முறையாகுமா? அல்லது நோயாளிகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் சராசரியில் அடங்கிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

அலைப் பொறியாளர்

நம்பலாமா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது, ஏனெனில் எச்.ஆர்.வி. என்பது ஒரே ஓர் எண் அன்று. எந்த அளவீட்டைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, தேவைப்படும் நேரம் அடியோடு மாறுகிறது.

துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் பல வேகங்களில் ஏறி இறங்குகிறது. மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது மிக விரைவானது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சு விடுபவருக்கு அது நான்கு நொடிக்கு ஒரு சுற்று. இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய அலை ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒரு சுற்று. உடல் வெப்பம், ஹார்மோன், பகல் இரவு மாற்றம் ஆகியவற்றைச் சார்ந்த அலைகளுக்கு நிமிடங்களும் மணிகளும் ஆகும். 1996 நெறிமுறை இவற்றை அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது: 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரை உயர் பட்டை, 0.04 முதல் 0.15 வரை தாழ் பட்டை, அதற்குக் கீழே மிகத் தாழ்ந்த பட்டைகள். ஓர் அலையை அளக்க அதன் சுற்றுகள் பல பதிவுக்குள் வந்திருக்க வேண்டும். அதனால்தான் உயர் பட்டைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமும் தாழ் பட்டைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமும் வேண்டும் என்று அந்த நெறிமுறை சொல்கிறது. பத்து நொடிக்குள் மூச்சு அலை இரண்டரைச் சுற்றுகள் மட்டுமே வரும், அழுத்த அலை ஒரே ஒரு சுற்று. ஆகவே தாழ் பட்டை, உயர் பட்டை, அவற்றின் விகிதம் ஆகிய மூன்றையும் உங்கள் திட்டத்திலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள். (அந்த விகிதம் பரிவு நரம்புக்கும் துணைப்பரிவு நரம்புக்கும் இடையிலுள்ள சமநிலையைக் காட்டுகிறது என்ற கருத்தே இன்று கடுமையாகக் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்பது வேறு கதை.)

எஞ்சியிருப்பவை இரண்டு. எஸ்.டி.என்.என். என்பது இடைவெளிகளின் திட்ட விலக்கம். எல்லா வேக அலைகளும் அதற்குள் சேர்வதால், பதிவு நீள நீள இந்த எண் பெரிதாகிக்கொண்டே போகும். இரு வேறு நீளப் பதிவுகளின் எஸ்.டி.என்.என். மதிப்புகளை ஒப்பிடக்கூடாது என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்பது அடுத்தடுத்த இரு இடைவெளிகளின் வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுப்பது. பக்கத்துத் துடிப்போடு மட்டும் ஒப்பிடுவதால் மெதுவான அலைகள் இதில் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு மூச்சோடு சேர்ந்து செய்யும் வேலைதான் மிஞ்சும். ஆகவே குறுகிய பதிவைத் தாங்கக்கூடிய அளவீடு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இதற்குச் சான்றும் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடைபெறும் பிரிவெண்ட் ஆய்வில் பங்கேற்ற 3,387 பேரின் பதிவுகளைக் கொண்டு 2015-இல் வெளியான கட்டுரை, பத்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம் ஆகிய துண்டுகளை நான்கைந்து நிமிடப் பதிவோடு ஒப்பிட்டது. பத்து நொடித் துண்டுக்கான ஒட்டுறவுக் கெழு (இரு மதிப்புகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண்; முழுமையானால் 1) ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.க்கு 0.85 அளவிலும், எஸ்.டி.என்.என்.னுக்கு 0.76 அளவிலும் இருந்தது. இரண்டு நிமிடத் துண்டில் இரண்டும் 0.95-ஐத் தாண்டிவிட்டன.

---

இ.சி.ஜி. அறை

பொறியாளர் ஐயா சொன்னது கணக்கு. அந்தப் பத்து நொடி எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நான் சொல்கிறேன்; பல ஆண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்து வருகிறேன்.

புறநோயாளிகள் பிரிவில் ஒருவர் மாடி ஏறி வந்து, வரிசையில் நின்று, சட்டையைக் கழற்றிப் படுத்த இரண்டு நிமிடத்துக்குள் பதிவு முடிந்துவிடும். ஓய்வு நிலை என்று நீங்கள் ஆய்வேட்டில் எழுதப்போவது அந்த நிலையைத்தான். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கோடு அலைகிறது என்றால் நாங்களே "கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவோம். நேரான கோடு கிடைத்துவிடும், மருத்துவருக்கும் படிக்க வசதி. ஆனால் மூச்சோடு வரும் ஏற்ற இறக்கத்தைத்தான் நீங்கள் அளக்க விரும்புகிறீர்கள். அதையே நாங்கள் நிறுத்தி வைத்திருப்போம். யாருடைய பதிவில் அப்படிச் செய்தோம் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

இன்னொன்று, எக்டோபிக் துடிப்புகள், அதாவது முறை தப்பி முன்கூட்டியே வரும் துடிப்புகள். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, மருத்துவரும் பெரும்பாலும் பொருட்படுத்த மாட்டார். ஆனால் உங்கள் எண்ணை அது என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். இடைவெளி 800 மில்லி நொடி, உண்மையான ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 20 மில்லி நொடி என்று கொள்வோம். ஒரே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு 500-இல் வந்து, அதை ஈடுகட்டும் இடைவெளி 1,100 ஆகிறது. ஐந்து நிமிடப் பதிவில் இந்த ஒரு துடிப்பால் 20 என்பது 43 ஆகும். ஒரு நிமிடப் பதிவில் 88 ஆகும். பத்து நொடிப் பதிவிலோ 233 ஆகிவிடும். எண் பெரிதாக இருந்தால் வேகஸ் நன்றாக வேலை செய்கிறது என்றுதானே எடுத்துக்கொள்வீர்கள்? கருவி தானாகவே கணக்கிட்டுத் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், உங்கள் ஆய்விலேயே மிக ஆரோக்கியமான வேகஸ் நரம்பு உள்ளவராக ஓர் எக்டோபிக் நோயாளி வந்து நிற்பார்.

அச்சிட்ட தாளிலிருந்து ஸ்கேல் வைத்து அளக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லி நொடி. கண்ணால் அரைக் கட்டத்துக்கு மேல் துல்லியமாகப் பார்க்க முடியாது.

---

அலைப் பொறியாளர்

தாளைப் பற்றி இ.சி.ஜி. அறை நண்பர் சொன்னதற்கு ஒரு சிறு பின்னிணைப்பு. ஒவ்வொரு ஆர் முனையின் (இ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்பையும் குறிக்கும் உயர்ந்த கூர்முனையின்) நேரத்திலும் ஒரு பிழை இருந்தால், அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாட்டில் அந்தப் பிழையின் வர்க்கம் ஆறு மடங்காகச் சேரும், ஏனெனில் ஒரு வேறுபாட்டில் மூன்று முனைகள் பங்கேற்கின்றன, நடு முனை இரு முறை. முனையைக் குறிப்பதில் 10 மில்லி நொடிப் பிழை, அதாவது தாளில் கால் மில்லிமீட்டர், இருந்தாலே உண்மையான 20 என்பது 32 ஆகத் தெரியும். எண்முறைக் கோப்பில் நொடிக்கு 500 மாதிரிகள் இருந்தால் இந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே முதல் வேலை, உங்கள் கருவி மூல அலையைச் சேமித்திருக்கிறதா, படத்தை மட்டும் சேமித்திருக்கிறதா என்று பார்ப்பது.

---

உடலியல் மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. மூல அலை சேமிக்கப்பட்டிருக்கிறது, நொடிக்கு 500 மாதிரிகள், அதை உறுதிப்படுத்திக்கொண்டேன். மூச்சைப் பிடிக்கச் சொல்லும் வழக்கத்தைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை, எங்கள் தொழில்நுட்பரிடம் கேட்டபோது அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஒட்டுறவுக் கெழு 0.85 என்றால் நல்ல பொருத்தம் என்றுதானே பொருள்? அப்படியானால் என்னுடைய பத்து நொடித் துண்டுகள் ஏன் அவ்வளவு சிதறின?

---

கணக்காளர்

நான் உயிரியல் புள்ளியியல் கற்பிப்பவன். இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு உடையில் என் வகுப்புக்கு வருகிறது.

ஒட்டுறவு வேறு, ஒத்துப்போதல் வேறு. ஒரு கடைத் தராசு எப்போதும் நூறு கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தராசோடு அதற்குள்ள ஒட்டுறவுக் கெழு மிகச் சரியாக 1. ஆனாலும் வாங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் நட்டம். இதைத்தான் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: இரு அளவீட்டு முறைகளை ஒப்பிடும்போது ஒவ்வொருவருக்கும் இரு மதிப்புகளின் வேறுபாட்டைக் கண்டு, அந்த வேறுபாடுகளின் சராசரியையும் சிதறலையும் காட்டுங்கள், ஒட்டுறவை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள் என்று. மேலும் ஒட்டுறவுக் கெழு, ஆய்வில் சேர்ந்தவர்கள் எவ்வளவு பலதரப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்தது. இளைஞர், முதியவர், ஓட்டப்பந்தய வீரர், இதய நோயாளி எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தால் மதிப்புகள் பரந்து கிடக்கும், கெழுவும் தானாக உயரும். ஒருவரையே துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கும்போது அந்தப் பரப்பு இல்லை. பிழை மட்டும்தான் கண்ணில் படும். நீங்கள் கண்டது அதுவே.

அந்தப் பிழை எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லலாம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் பத்து நொடியில் ஏறத்தாழ பன்னிரண்டு துடிப்புகள், பதினோரு இடைவெளிகள், பத்து வேறுபாடுகள். அந்தப் பத்தும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டாலும், கிடைக்கும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.யின் திட்டப் பிழை 22 விழுக்காடு. அதாவது உண்மையான மதிப்பு 30 ஆக இருப்பவருக்கு, வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே, ஒரு முறை 17 வரலாம், இன்னொரு முறை 43 வரலாம். மூச்சின் தாக்கத்தால் அந்த வேறுபாடுகள் ஒன்றையொன்று சார்ந்தே இருப்பதால் நடப்பில் நிலைமை இந்த எளிய கணக்கிலிருந்து விலகும். ஆனாலும் பிழையின் பருமனைப் புரிந்துகொள்ள இது போதும். ஐந்து நிமிடப் பதிவில் இதே கணக்கு நான்கு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒருவருக்கே மூன்று பத்து நொடிப் பதிவுகள் இருந்தால் பிழை 13 விழுக்காடு அளவுக்குக் குறையும். அப்படிச் சேர்க்கும்போது மூன்று ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. எண்களையும் நேரடியாகச் சராசரி எடுக்காமல், வர்க்கங்களைச் சராசரி எடுத்துப் பிறகு வர்க்கமூலம் காணுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி: எண்ணிக்கை அதிகமானால் சராசரியில் அடங்கிவிடுமா? ஒரு வகைப் பிழை அடங்கும், இன்னொரு வகை அடங்காது. தற்செயலாக மேலும் கீழும் விழும் பிழை, ஆயிரம் பேரைச் சேர்த்தால் குழுச் சராசரியைக் கெடுக்காது. அதனால்தான் மக்கள்தொகை ஆய்வுகள் குறுகிய பதிவுகளைத் துணிந்து பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் ஏரிக் ஆய்வில்கூட இரண்டு நிமிடப் பதிவைத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரு பக்கமாகச் சாயும் பிழை எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அப்படியே நிற்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வயது கூடுதல், எக்டோபிக் கூடுதல், கோடு அலைகிறது என்று மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் அவர்களிடம் கூடுதல் என்றால், நீங்கள் காணும் வேறுபாடு நரம்புடையதா, அறையுடையதா என்று பிரிக்க முடியாது. தற்செயல் பிழையும் முழுக்கத் தீங்கற்றதன்று: ரத்தச் சர்க்கரை அளவோடு தொடர்பு தேடினால், உண்மையில் உள்ள தொடர்பைக்கூட அது மெலிந்ததாகக் காட்டும்.

ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.யின் பரவல் ஒரு பக்கம் நீண்டு சாய்ந்தது. இயல் மடக்கை எடுத்துவிட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள்.

---

காலை ஓட்டக்காரர்

தலைப்பை விட்டுச் சற்று விலகிக் கேட்கிறேன், மன்னிக்கவும். கைக்கடிகாரத்தில் எனக்கு 48 என்று வருகிறது; நண்பரின் மோதிரம் அவருக்கு 31 என்கிறது. இருவரும் சேர்ந்துதான் ஓடுகிறோம். இதில் ஏதாவது பொருள் உண்டா?

---

அலைப் பொறியாளர்

ஒப்பிடும் வகையில் பொருள் இல்லை. ஆப்பிள் வாட்ச் சேமிக்கும் எண் எஸ்.டி.என்.என்.; ஔரா மோதிரம் உறக்கத்தின்போது கணக்கிடுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடப் பதிவு, மற்றொன்று இரவு முழுவதற்குமான சராசரி. பெயர் மட்டும்தான் இரண்டுக்கும் ஒன்று. தவிர, இவை தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தை ஒளியால் பார்த்து நாடியை அளப்பவை. இதயத்தின் மின் துடிப்பை நேரடியாகப் பார்ப்பவை அல்ல. அசையாமல் இருக்கும்போது இரண்டும் நெருங்கி வரும், கை அசைந்தால் விலகும். உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு மட்டும், அதே நேரத்தில், அதே நிலையில், ஏழு நாள் சராசரியாக எடுத்து ஒப்பிடுங்கள். விளையாட்டு வீரர்களிடம் பத்து, முப்பது, அறுபது நொடிகளை ஐந்து நிமிடத்தோடு ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வில் அறுபது நொடிதான் மிக நெருக்கமாக ஒத்துப்போனது. ஆகவே நெஞ்சுப் பட்டை அணிந்து காலையில் ஒரு நிமிடம் எடுப்பது தவறான பழக்கமன்று.

---

நீரிழிவு மருத்துவர்

தாமதமாக வருகிறேன். எல்லோரும் பதிவின் நீளத்தையே பேசியிருக்கிறீர்கள். மாணவியின் உண்மையான தேவை, நீரிழிவில் தன்னியக்க நரம்புப் பாதிப்பைக் கண்டறிவது. அதற்கு எடின்பரோவின் யூவிங் குழு வகுத்த சோதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடம் இருக்கிறது. அதற்கும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

நோயாளியை உட்காரவைத்து, ஐந்து நொடி மூச்சை உள்ளே, ஐந்து நொடி வெளியே என்று நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் செய்து, ஒவ்வொரு சுற்றிலும் மிக உயர்ந்த துடிப்பு வேகத்துக்கும் மிகத் தாழ்ந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, ஆறையும் சராசரி எடுக்க வேண்டும். யூவிங்கின் வரம்பில் நிமிடத்துக்கு 15 துடிப்பும் அதற்கு மேலும் இயல்பு, 10-ம் அதற்குக் கீழும் பாதிப்பு, இடைப்பட்டது எல்லைக்கோடு. வயது கூடக் கூட இந்த வேறுபாடு குறையும் என்பதால் முதியவர்களிடம் இந்த வரம்பை அப்படியே பொருத்தக்கூடாது. ஒரு நிமிடப் பதிவு இங்கே மட்டும் எப்படிப் போதுமானதாகிறது என்றால், மூச்சை நோயாளியின் போக்கில் விடாமல் நாமே பிடித்து நடத்துகிறோம். ஓய்வில் இருப்பவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று தெரியாமல் எடுத்த பத்து நொடியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் இந்த ஒரு நிமிடத்தில் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.யோ உயர் பட்டையோ கணக்கிட்டு ஓய்வு நிலை மதிப்புகளோடு ஒப்பிட்டுவிடாதீர்கள்: ஆறு மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ், மூச்சு அலை முழுவதும் தாழ் பட்டைக்குள் போய்விடும்.

வரம்பு எண்களைப் பற்றி இன்னொன்று. மாரடைப்புக்குப் பிறகு எஸ்.டி.என்.என். 50 மில்லி நொடிக்குக் கீழே இருந்தால் ஆபத்து என்று பலரும் எழுதுகிறார்கள். அது 1987-இல் கிளைகரும் அவர் குழுவினரும் மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரிடம் 24 மணி நேரப் பதிவில் கண்டது. 50-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு. ஆரோக்கியமானவர்களின் குறுகிய காலப் பதிவுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான மீளாய்விலோ எஸ்.டி.என்.என்.னின் சராசரியே 50 மில்லி நொடி. 24 மணி நேர வரம்பை ஐந்து நிமிடப் பதிவில் பொருத்தினால் நல்ல உடல்நலம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரை மரண அபாயத்தில் தள்ளிவிடுவோம். பத்து நொடியில் பொருத்தினால் இன்னும் அதிகம் பேரை. நான் மதிப்பிடும் ஆய்வேடுகளில் இந்தத் தவறு ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டாவது வரும்.

---

உடலியல் மாணவி

டாக்டர், மிக்க நன்றி. நேற்று வழிகாட்டியிடம் இவை அனைத்தையும் எடுத்துச் சென்றேன். முதலில் முகம் சுளித்தார். எக்டோபிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் அமைதியாகிவிட்டார்.

இப்போதைய திட்டம் இது. புதிதாக அறுபது பேரிடம், ஐந்து நிமிடம் ஓய்வாகப் படுக்கவைத்த பிறகு, ஐந்து நிமிட இ.சி.ஜி.யும் ஆறு மூச்சுச் சோதனையும் எடுப்போம். மூச்சைப் பதிவு செய்ய நெஞ்சுப் பட்டை ஒன்றும் கட்டுவோம். அதே அறுபது பேருக்கு அன்றே வழக்கமான பத்து நொடிப் பதிவும், தொழில்நுட்பர் தம் வழக்கப்படியே எடுக்க, மூன்று முறை எடுக்கப்படும். மூச்சைப் பிடிக்கச் சொன்னாரா என்பதை மட்டும் நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வேன். பத்து நொடி மதிப்புக்கும் ஐந்து நிமிட மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை, மடக்கை எடுத்துப் பிளாண்ட், ஆல்ட்மன் முறையில் வரைவதே முதல் அத்தியாயம். பழைய ஆயிரம் பதிவுகளைத் தொடுவதா என்பதை அந்தப் படத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று வழிகாட்டியே சொல்லிவிட்டார்.

கணக்காளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஒருவருக்கே மூன்று பதிவுகள் இருக்கும்போது பிளாண்ட், ஆல்ட்மன் எல்லைகளைச் சாதாரண முறையில் கணக்கிடலாமா?

---

கணக்காளர்

கூடாது. மூன்றையும் தனித்தனி ஆட்களாகக் கொண்டால் 180 பேர் இருப்பது போன்ற பொய்த் தோற்றம் வரும். மூன்றையும் சேர்த்து ஒரே மதிப்பாக்கி ஒப்பிட்டால், ஒரே ஒரு பதிவை வைத்துக் கணித்தால் எவ்வளவு தவறும் என்பது மறைந்து எல்லைகள் குறுகிவிடும். ஒருவருக்குள் உள்ள சிதறலையும் ஆட்களுக்கிடையே உள்ள சிதறலையும் பிரித்துக் கணக்கிடும் முறையை, அவர்கள் இருவருமே பிறகு தனியாக எழுதியிருக்கிறார்கள். தரவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து செய்வோம்.